போகும் சாயல்

தன் புகைப்படத்தில் என்ன கோளாறு என்று வால்வுக்குப் பிடிபடவில்லை.

பின்னணி வெள்ளையாகத்தான் இருந்தது. காதுகள் இரண்டும் தெரிந்தன. நெற்றியில் முடி விழவில்லை, கழுத்தில் நிழல் விழவில்லை, உதடு மூடியிருந்தது. அனுமதி மையத்தின் சுவரில் ஒட்டியிருந்த புகைப்பட விதிகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்து, ஒவ்வொன்றையும் படத்தோடு ஒத்துப் பார்த்தாகிவிட்டது. எல்லாம் சரி. ஆனாலும் படத்தின் முதுகில் சிவப்பு மையில் முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்திருந்தார்கள்: ‘முகத்தில் போகும் சாயல் உள்ளது. ஏற்பதற்கில்லை.’

வீட்டுக்கு வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். கன்னத்துக்குப் பக்கத்தில் படத்தைப் பிடித்துக்கொண்டு புருவத்தைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள், கண்ணோரத்தைப் பார்த்தாள். படத்திலிருந்த முகம் கண்ணாடியிலிருந்த முகத்தைப் போலவே இருந்தது. கண்ணாடியிலிருந்த முகம் எப்போதும்போல இருந்தது. போகும் சாயல் என்பது அதில் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது?

அம்மா முன்னறையில்தான் வேலை செய்துகொண்டிருந்தாள். அந்த அறைதான் கடை. பெட்டிகளும் பைகளும் பழுது பார்க்கும் கடை. பிய்ந்துபோன ஜிப்பை மாற்ற வேண்டுமென்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் மாற்ற வேண்டியதில்லை. பல்லில் கோளாறு ஒன்றும் இருக்காது. பல்லைக் கவ்விக்கொண்டு ஓடுகிற தலை மட்டும் லேசாக வாயைப் பிளந்திருக்கும். அதைக் குறட்டால் பதமாக ஒரு அழுத்து அழுத்தினால் மறுபடியும் கவ்வும். அதிகம் அழுத்தினால் நகராது. அந்தப் பதம் அம்மாவின் விரலில் இருந்தது. சக்கரம் மாற்றிய பெட்டிகளை அவள் தெருக்கோடி வரைக்கும் தானே உருட்டிக்கொண்டு போய்ச் சோதித்துவிட்டுத் திரும்புவாள்.

படத்தை நீட்டினாள் வால்வு. அம்மா கையிலிருந்த குறட்டைக் கீழே வைக்காமலே எட்டிப் பார்த்தாள்.

“உன் மூஞ்சி மாதிரிதான் இருக்கு. வேற யார் மூஞ்சி மாதிரி இருக்கணுமாம்?”

வால்வு என்பது வீட்டில் வைத்த பெயரல்ல. நீரேற்று நிலையத்தில் கூட வேலை பார்ப்பவர்கள் வைத்தது. எந்தக் குழாயில் எந்த வால்வு கசிகிறது என்பதைக் காதை வைத்தே சொல்லிவிடுவாள் என்பதற்காக. அவளுக்கு ஒரு விஷயத்தில்தான் பைத்தியம். குழாயில் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரைச் சட்டென்று அடைத்தால் என்ன ஆகும்? நிற்க வேண்டும் என்ற சேதி அடைப்பை ஒட்டியிருக்கும் தண்ணீருக்குத்தான் முதலில் தெரியும். பின்னால் வருகிற தண்ணீருக்குத் தெரியாது. அது தன்பாட்டுக்கு வந்து முன்னதன் முதுகில் மோதும். அதன் முதுகில் அடுத்தது மோதும். அந்த அடி குழாய் நெடுக அலையாகத் திரும்பி ஓடிச் சுவரைத் தட்டும். பழைய கட்டிடங்களில் ராத்திரி கேட்கும் தட்டல்களில் பாதி இதுதான். பேய் என்று பயந்து வீடு மாறியவர்கள் உண்டு. தடித்த இரும்புக் குழாயைக்கூடப் பிளக்கும் இந்த அடியைக் கண்ணால் பார்க்க முடியாது. பார்க்க முடிகிற இடம் ஒன்றே ஒன்று இருந்தது. வெகுதூரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில், ஒரு கூடம் முழுக்கக் கண்ணாடிக் குழாய்களைப் பொருத்தி வைத்திருந்தார் ஒரு பேராசிரியர். அவரிடம் படிக்க அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. மழைக்காலத்துக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் இல்லை. அடுத்த வருடம் என்ற பேச்சும் இல்லை. பேராசிரியர் ஓய்வு பெறப் போகிறார், குழாய்களைக் கழற்றிவிடப் போகிறார்கள்.

ஆக, இடையில் நிற்பது இந்தப் புகைப்படம் ஒன்றுதான்.

இங்கே அனுமதி மையத்தின் தத்துவத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அதைப் புரிந்துகொள்ளாமல் திட்டுகிறவர்கள் அதிகம். மாணவர் அனுமதி என்பது வெளிநாடு போய்ப் படித்துவிட்டுத் திரும்பி வருகிறவர்களுக்கானது. ஒருவர் திரும்பி வருவாரா என்பது முன்கூட்டித் தெரியாது. ஆனால் போக ரொம்ப ஆசைப்படுகிறவர் திரும்பி வர ஆசைப்பட மாட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். எனவே போக ஆசைப்படாதவர்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள். இந்தக் கணக்கில் ஓட்டை கிடையாது. இதை வைத்து மையத்தை நடத்த ஆரம்பித்த பிறகு, திரும்பி வராதவர் என்று ஒருவர்கூட இல்லை. போனவர்களும் அநேகமாக இல்லை.

வால்வு மறுபடியும் வரிசையில் நின்று படமெடுக்கும் அறைக்குள் போனாள். ஜன்னல் இல்லாத சின்ன அறை. ஒரு பக்கம் வெள்ளைத் திரை, அதற்கு முன்னால் ஒரு முக்காலி. எதிரே மூன்று கால் தாங்கியில் கேமரா. கேமராவுக்கும் முக்காலிக்கும் நடுவே, இடுப்பளவு உயரத்தில், தராசுப் பெட்டி போல ஒரு கருவி. அதன் கண்ணாடிக்குள் ஒரு முள். இடது கோடியில் ‘இருத்தல்’ என்றும் வலது கோடியில் ‘போதல்’ என்றும் எழுதியிருந்தது. நடுவில் நூல் அகலத்துக்கு ஒரு பச்சைக் கோடு.

அவள் அதைக் குனிந்து பார்த்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தவுடன் போட்டோக்காரருக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. அத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் அந்தக் கருவியைப் பற்றிக் கேட்டதில்லையாம். சாயல்மானி என்று பெயர் சொன்னார். அது வெளிச்சத்தை அளக்காது, சாய்வை அளக்கும். ஒரு இடத்துக்குப் போக நினைக்கும் மனிதனின் முகத்து எலும்பு அசையாது. எலும்புக்கு மேலே உள்ள சதை மட்டும் அந்தத் திசையில் சற்று முன்னால் நகரும். பயிரின் நுனி வெயிலுக்குத் திரும்புவது போல. பார்க்கிறவருக்குத் தெரியாது, முள்ளுக்குத் தெரியும். முள் வலது பக்கம் சாய்ந்தால் படம் தள்ளுபடி. இடது பக்கம் சாய்ந்தாலும் தள்ளுபடி, ஏனென்றால் போகவே பிடிக்காத ஒருவரை யாரோ கட்டாயப்படுத்தி அனுப்புகிறார்கள் என்று ஆகிறது. பச்சைக் கோட்டில் நிற்க வேண்டும்.

“பச்சையில யாருக்காவது நின்னிருக்கா?” என்று கேட்டாள்.

“ஒண்ணு ரெண்டு பேருக்கு. மத்தபடி, காலி முக்காலியை வச்சுப் பாத்தேன். நின்னுச்சு.”

அன்றைக்கு அவள் தன்னால் ஆன தந்திரத்தையெல்லாம் செய்தாள். சலிப்பான எதையாவது நினைப்போம் என்று நீரேற்று நிலையத்தின் மாதாந்திரக் கூட்டத்தை நினைத்தாள். முள் வலது கோடியில் போய் இடித்தது. அம்மாவைத் தனியாக விட்டுப் போவதை நினைத்து வருத்தப்பட்டாள். வருத்தப்படுகிறவள் போவதாக முடிவு செய்துவிட்டாள் என்று முள் சரியாகப் புரிந்துகொண்டது. ஒன்றுமே நினைக்காமல் உட்கார்ந்து பார்த்தாள். அப்போதுதான் கண்ணாடிக் குழாய்கள் வந்து மனசில் வரிசையாக நின்றன.

போட்டோக்காரர் முள்ளைப் பார்த்து உச்சுக்கொட்டினார். அவள் பெயரைப் பயிற்சிக் கூடத்துக்கு எழுதி அனுப்பினார்.

பயிற்சிக் கூடம் என்பது நீளமான ஒரு ஹால். விண்ணப்பதாரர்கள் வரிசையாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் சுவரில் ஒரு கதவு வரையப்பட்டிருந்தது. அதைத் தங்கள் வீட்டுக் கதவு என்று நினைத்துக்கொண்டு, அதைத் திறக்கத் தோன்றாமல் இருக்கப் பழக வேண்டும். காலையில் வந்து உட்கார்ந்தால் சாயங்காலம் மணி அடிக்கும்வரை. பேசத் தடையில்லை. பேச யாருக்கும் தோன்றவில்லை.

வால்வுக்குப் பக்கத்தில் நல்ல கோட்டு போட்ட ஒருவர் இருந்தார். அவரை எல்லோரும் ஏற்கப்பட்டவர் என்று அழைத்தார்கள். மையத்தின் சாதனைகளில் முதலாவது அவர். புதிதாக வருகிறவர்களுக்கு அவரைத்தான் காட்டுவார்கள். கடலில் வாழும் மீன்களின் காதுக்குள் சின்னதாக ஒரு எலும்பு உண்டு. மரத்தை அறுத்தால் வளையம் தெரிவது போல அதிலும் வளையங்கள் தெரியும். மீனுக்கு எத்தனை வயது, எந்த வருடம் பட்டினி கிடந்தது என்றெல்லாம் அதிலிருந்து சொல்லிவிடலாம். அதைப் படிக்கத்தான் அவர் விண்ணப்பித்திருந்தார். இந்தக் கூடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, ஒருநாள் அவர் முகத்தில் முள் பச்சையில் நின்றது. அனுமதிச் சீட்டு அவர் சட்டைப் பையில் இருந்தது. அதன் நுனி வெளியே தெரிந்தது.

அனுமதிதான் கிடைத்துவிட்டதே, இன்னும் ஏன் போகவில்லை என்று வால்வு கேட்டாள். அவர் அவள் பக்கம் திரும்பினார். முகம் திரும்பியது என்றுதான் சொல்ல வேண்டும்.

“போலாம். ஒண்ணும் தடையில்ல. எதுக்குன்னுதான் தெரியல.”

“மீன் காது எலும்புக்கு.”

“ஆமா, மீனுக்குக் காதுக்குள்ள எலும்பு இருக்காம்.” கொஞ்ச நேரம் சுவரில் இருந்த கதவைப் பார்த்தார். “இருந்துட்டுப் போகட்டும்.”

அவர் தினமும் வருகிறார் என்றும், வீட்டில் இருக்கவும் அவருக்குத் தோன்றவில்லை என்றும் பிறகு தெரிந்தது. இருத்தல், போதல் இரண்டிலும் சாயாத முகம் வேறு எங்கே போய் உட்காரும்?

இப்படியாக நாட்கள் போயின. அவ்வப்போது வால்வைக் கூப்பிட்டுப் படம் எடுத்தார்கள், சிவப்பு முத்திரை குத்தினார்கள். ஒரு கட்டத்தில், தள்ளுபடியான படங்களைக் கிடங்கில் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வரச் சொன்னார்கள். அவற்றைக் கிழித்துப்போட விதியில் இடமில்லை. படத்தில் உள்ள ஆசை இருக்கும்வரை படம் இருக்க வேண்டும்.

கிடங்கு கட்டிடத்தின் பின்புறம் இருந்தது. கதவைத் திறந்ததும் அனல் அடித்தது, ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் அறையில் அடிப்பது போல. உள்ளே இருந்தது கிடங்குக்கார அம்மா ஒருவர்தான். தரையிலிருந்து கூரை வரை அலமாரி, அலமாரி முழுக்க முகங்கள். வரிசை வரிசையாகச் சாய்த்து வைத்திருந்த அத்தனை முகங்களும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன. அதாவது, உள்ளே வந்து நின்ற வால்வைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் ஒதுங்கி நின்ற பிறகுதான் தெரிந்தது, அவை அவளைப் பார்க்கவில்லை, அவளைத் தாண்டி வெளியே பார்க்கின்றன.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது எல்லாவற்றையும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் போவதாகக் கிடங்குக்கார அம்மா சொன்னார். காலையில் வந்து பார்த்தால் இப்படி இருக்கும்.

“காத்துல திரும்பிடுதும்மா,” என்றார். அறையில் ஜன்னல் இல்லை.

அப்போது சுவருக்குள் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு தட்டல், கொஞ்சம் இடைவெளி, பிறகு நெருக்கமாகத் தொடர் தட்டல். வால்வின் முகம் மலர்ந்தது. மாடியில் தொட்டியின் வால்வு சட்டென்று மூடிக்கொள்கிறது, தண்ணீர் திரும்பி வந்து அடிக்கிறது, மூடுவதை மெதுவாக்கினால் சத்தம் நின்றுவிடும் என்று விளக்கிக்கொண்டே சுவரில் காதை வைத்தாள். குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று விரலால் தட்டித் தட்டிப் பார்த்தாள். தட்டத் தட்ட அவள் பேச்சு குறைந்தது. சுவரில் குழாய் இல்லை. அது, பின்னால் அறையே இல்லாத கடைசிச் சுவர். சத்தம் அலமாரியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

“இது என்ன சத்தம்னு மேல எழுதிக் கேக்கலையாம்மா?”

“கேட்டோமே. சத்தம் இல்லைன்னு பதில் வந்திருக்கு.” பதிவேட்டைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். “இதுல பாதிப் பேரு இப்ப உயிரோட இல்லம்மா. அதோட முடிஞ்சிடும்னு நெனச்சுத்தான் இந்த அறையைச் சின்னதா கட்டிட்டாங்க. இங்க போடு, கையெழுத்து.”

போட்டாள். அலமாரியில் தன் முகத்தை வைத்துவிட்டு வெளியே வரும்போது முதுகு கூசியது.

இதற்குப் பிறகு பயிற்சி நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தது. அடுத்த முறை முக்காலியில் உட்கார்ந்தபோது முள் பாதி தூரம் உள்ளே வந்திருந்தது. அதற்கு அடுத்த முறை பச்சைக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நடுங்கியது. போட்டோக்காரர் தன் சொந்தப் பிள்ளை தேறிவிட்டதுபோல அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்னும் ஒரு வாரம் சுவரைப் பார்த்தால் போதும், கிடைத்துவிடும் என்றார்.

சந்தோஷமாக வீட்டுக்கு நடந்தாள். சந்தோஷம் என்று சொல்லத் தோன்றியதே தவிர, உள்ளே தேடிப் பார்த்தால் அப்படி ஒன்றும் தட்டுப்படவில்லை. தெருமுனைக் கட்டிடத்தில் குழாய் ஒன்று படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி நடந்துவிட்டாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. பிறந்ததிலிருந்து அடிக்கிற குழாய் எதையும் நின்று கேட்காமல் அவள் தாண்டியதில்லை. அது என்ன சத்தம், எதனால் வருகிறது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். தண்ணீர் வரும், அடைத்தால் நிற்கும், என்னவோ மோதும். இருந்துட்டுப் போகட்டும் என்று வாய் முணுமுணுத்தது.

வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அனுமதி கிடைக்காவிட்டால் கண்ணாடிக் குழாய்கள் போய்விடும். இந்த வழியில் கிடைத்தால், அந்தக் குழாய்களுக்கு முன்னால் போய் நிற்கப்போவது சட்டைப் பையில் சீட்டு வைத்திருக்கும் யாரோ. மறுநாள் அவள் பயிற்சிக் கூடத்துக்குப் போகவில்லை. தெருமுனைக் கட்டிடத்தின் குழாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பொழுது சாயும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். மதியத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய ஆரம்பித்தது. சாயங்காலம் பழைய பைத்தியம் முழுசாகத் திரும்பிவிட்டது.

பயிற்சியைப் பாதியில் விட்டதற்கு விளக்கம் கேட்டுச் சாயல் அதிகாரி அவளை அழைத்தார்.

அதிகாரியின் அறை விசாலமானது. அவர் மேஜைக்குப் பின்னால் வெளிநாட்டு நகரங்களின் படங்கள் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. எல்லாப் படத்திலும் பாலத்துக்கோ கோபுரத்துக்கோ முன்னால் அவர் நின்றிருந்தார். எல்லாவற்றிலும் ஒரே முகம், அடையாள அட்டைக்கு எடுத்தது போல. உட்காரச் சொன்னார். அவள் விண்ணப்பத்தோடு கொடுத்திருந்த கட்டுரையைப் படித்ததாகவும், நீர் அடியைப் பற்றி அவ்வளவு ஆர்வத்தோடு யாரும் எழுதி அவர் பார்த்ததில்லை என்றும் பாராட்டினார். விண்ணப்பத்தில் ஆர்வம் கட்டாயம் வேண்டும், அது இல்லாவிட்டால் தள்ளுபடி செய்துவிடுவோம் என்றார்.

அந்த ஆர்வம்தானே முகத்திலும் இருக்கிறது என்று அவள் கேட்டுப் பார்த்தாள்.

“கட்டுரையில இருக்கலாம்மா. கையெழுத்துல இருக்கலாம். கழுத்துக்குக் கீழ எவ்வளவு வேணா இருக்கலாம், அதுல நாங்க தலையிடுறதில்ல. முகம் அரசாங்கத்துக்குச் சொந்தம்.” அவர் தண்ணீர் குடித்தார். “நீ நெனைக்கிற, நாங்க உன்னைத் தடுக்குறோம்னு. கிடையாது. உன்னை அனுப்பத்தான் நாங்க இருக்கோம். போகணும்னு தவிக்கிறவனை அனுப்புறது பெரிய விஷயமா? அவனை யாரும் அனுப்ப வேண்டியதில்ல, அவனே போயிடுவான். அப்புறம் இந்தக் கட்டிடம் எதுக்கு, நான் எதுக்கு? என்னையே எடுத்துக்கோ. எங்கயும் போகணும்னு எனக்கு ஒருநாளும் தோணினதில்ல. அதனாலதான் என்னை எல்லா நாட்டுக்கும் அனுப்பினாங்க. போனேன், நின்னேன், படம் எடுத்தாங்க, வந்துட்டேன். என்ன பாத்தீங்கன்னு வீட்ல கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. அதுதாம்மா தகுதி.”

அவள் அவருக்குப் பின்னால் இருந்த பாலங்களைப் பார்த்தாள். நல்ல பாலங்கள்.

பயிற்சியை விட்டவர்களுக்கு விதியில் கடைசியாக ஒரு வாய்ப்பு இருந்தது. ‘பிடிப்பு’ ஒன்றைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். பிடிப்பு என்றால் விண்ணப்பதாரரைத் திரும்பி வரச் செய்யக்கூடிய உறவு. அந்த உறவின் முன்னிலையில் ஒரு படம் எடுக்கப்படும். அதுவும் வலது பக்கம் சாய்ந்தால் கோப்பு மூடப்படும்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் ஒரு பெட்டியின் கைப்பிடிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். சாமானையெல்லாம் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மறுநாள் காலையில் கடையைப் பூட்டினாள். அது வழக்கமில்லாத காரியம். வழியெல்லாம் இந்தப் பிடிப்பு என்பது என்ன எடை இருக்க வேண்டும், தான் போதுமா, ஊக்கு எதுவும் போட்டுக்கொண்டு வர வேண்டுமா என்று கேலி பேசிக்கொண்டே வந்தாள். மையத்தின் வாசலைக் கண்டதும் பேச்சு நின்றுவிட்டது. வரிசையில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

சாயல் அதிகாரியே படமெடுக்கும் அறைக்கு வந்துவிட்டார். பிடிப்பைச் சோதிப்பது அவர் பொறுப்பு. கேள்விகள் அச்சடித்த தாள் கையில் இருந்தது. உறவு என்ன, தொழில் என்ன, மகளோடு சண்டை உண்டா என்றெல்லாம் கேட்டார். சண்டை உண்டு என்றதும் எதற்கு என்று கேட்டார். குளியலறையில் குழாயைத் திறந்து திறந்து மூடுகிறாள், அதற்கு என்று அம்மா சொன்னாள். எழுதிக்கொண்டார்.

“மகள் திரும்பி வருவாளா?”

“வந்தா சாப்பாடு போடுவேன்.”

“வரலைன்னா?”

“வேற யாருக்காவது போடணும். அளவு அப்படிப் பழகிப்போச்சு.”

அதையும் எழுதிக்கொண்டார். தாளில் கடைசிக் கேள்வி வெறும் சம்பிரதாயத்துக்கு வைத்திருப்பது. பிடிப்புக்கே போகும் எண்ணம் இருந்தால் அது பிடிப்பாகாதே, அதற்காக. அவர் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

“உங்களுக்கு வெளிய எங்கயாவது போகணும்னு எண்ணம் உண்டா?”

அம்மா அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள். அதிகாரி தலை தூக்கினார்.

“இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல,” என்றாள் அம்மா.

தாளில் ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. அதிகாரி சற்று யோசித்துவிட்டு இரண்டையும் காலியாக விட்டார். படம் எடுக்கலாம் என்று கைகாட்டினார்.

பிடிப்பு நிற்பதற்கென்று கேமராவுக்குப் பின்னால், தரையில் பாதம் இரண்டு வரைந்திருந்தது. அம்மா அதன்மேல் ஏறி நின்றாள். வால்வு முக்காலியில் உட்கார்ந்தாள். போட்டோக்காரர் விளக்குகளைப் போட்டார். விளக்குகள் எல்லாம் முக்காலியைப் பார்த்து இருந்தன; ஆனால் வெளிச்சம் வெள்ளைத் திரையில் பட்டுத் திரும்பும் அல்லவா, அதில் கொஞ்சம் அம்மாவின் முகத்தில் போய் விழுந்தது. முள் எப்போதும்போல வலது கோடியில் இருந்தது. நேராகப் பாரும்மா என்றார் போட்டோக்காரர்.

வால்வு நேராகப் பார்த்தாள்.

அம்மா அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே, அந்த வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாத அந்த இடத்தை நோக்கி அம்மாவின் முகம் வந்துகொண்டிருந்தது. தலை அசையவில்லை, கண் இமைக்கவில்லை, உதடு மூடியே இருந்தது. கன்னத்து எலும்பு இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்கு மேலே உள்ளது மட்டும் நகர்ந்து வந்தது, தாமதமாக, அடங்காமல். கிடங்கில் அத்தனை அலமாரிகளிலும் இருந்தது இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. தன் படத்தில் தேடித் தேடிக் கிடைக்காமல் போனதும் இதுதான். அம்மாவின் முகத்தில் அதை அவள் தினமும் பார்த்திருக்கிறாள். தினமும் பார்த்ததால் அம்மாவின் முகமே அப்படி என்று நினைத்திருந்தாள்.

முள் இடது பக்கம் நகர ஆரம்பித்தது.

இதை விளக்குவது சுலபம். சாயல்மானி யார் சாய்கிறார் என்று பார்க்காது. தனக்கு இரண்டு பக்கமும் உள்ள சாய்வின் வித்தியாசத்தை மட்டும் பார்க்கும். இத்தனை காலம் எதிர்ப்பக்கத்தில் நின்றவர்கள் பூரண இருத்தலில் இருந்தார்கள். பிள்ளையை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கிற அப்பாக்கள், போகாதே என்று அழுகிற கணவன்மார். இப்போது முக்காலியிலிருந்து ஒரு சாய்வு, எதிரேயிருந்து அதே அளவு இன்னொரு சாய்வு. முள் பச்சைக் கோட்டுக்கு வந்தது. நடுங்கவில்லை. சுவரில் அடித்து வைத்த ஆணி போல நின்றது.

போட்டோக்காரர் படத்தை எடுத்தார்.

பச்சை முத்திரையைத் தேட நேரமானது. மை காய்ந்துபோயிருந்தது. அதிகாரி அதைத் தன் தண்ணீர் டம்ளரில் நனைத்துக் குத்தினார்.

வெளியே வரும்போது ஏற்கப்பட்டவர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வால்வு தனக்குள் பயத்தோடு தேடிப் பார்த்தாள். கண்ணாடிக் குழாய்கள் அப்படியே இருந்தன. தண்ணீர் வந்து அடைப்பில் மோதித் திரும்புவதை அவளால் ஒவ்வொரு சாணாகப் பின்தொடர முடிந்தது. ஒன்றும் குறையவில்லை.

அம்மா வேகமாக நடந்தாள், கடையைத் திறக்க வேண்டும் என்று. வால்வு ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனாள். தெரு திரும்பும் வரை கேட்கவா வேண்டாமா என்று இருந்தது.

“உனக்கும் போகணும்னு இருந்துச்சாம்மா? எங்க?”

“எங்கன்னு இருந்திருந்தா போயிருக்க மாட்டேனா.” அம்மா நடையைக் குறைக்கவில்லை. “இருந்துச்சு என்ன இருந்துச்சு. இருக்கு.”

மழைக்காலத்துக்கு முன்பே வால்வு போய்ச் சேர்ந்தாள். இங்கே மையத்தில், முள் எப்படிப் பச்சைக்கு வந்தது என்று விளக்கம் கேட்டுப் போட்டோக்காரருக்கு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அவர் நன்றாக யோசித்து, கருவியைப் பிரித்துப் பார்த்து, மறுபடி பூட்டி, வேறு சிலரை வைத்தும் செய்து பார்த்துவிட்டுப் பதில் எழுதினார். அந்தப் பதில் இப்போது படமெடுக்கும் அறையின் கதவில் ஒட்டியிருக்கிறது:

‘கேமராவுக்குப் பின்னால் ஒருவரை நிறுத்தவும். அவர் விண்ணப்பதாரர் அளவுக்கே போக ஆசைப்பட்டு, போகாமல் இருந்துவிட்டவராக இருக்க வேண்டும். விண்ணப்பதாரர் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். முள் நடுவில் நிற்கும். அப்போது படம் எடுக்கவும்.’